பாக்கு வாங்கிச் சாட்சியான நாள்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுதினால் வரி கோணலாகப் போகும். வயசாகிப் பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு அலுமினியத் தட்டு நிறையக் கொட்டைப்பாக்கு, அதுதான் முதலில் கண்ணில் வருகிறது. அதை நீட்டிக்கொண்டு நின்றவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிப்பாய். பெரிய உலகச் சண்டை முடிந்து, நாற்பத்தாறு வாக்கில், ஊர் திரும்பக் கப்பலுக்காக அவர்கள் ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஹௌசா ஜனங்கள் என்று எங்க அப்பா, நைனா, சொன்னார். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை, அங்கேதான் பழக்கம்.

சிப்பாய் புறப்பட்டு வந்தபோது அவர் மனைவி முழுகாமல் இருந்தாராம். தலைச்சன் பிள்ளை பிறந்த கடுதாசி முகாம் முகாமாகச் சுற்றி, ஒரு வருஷத்துக்கும் மேலே கழித்து இங்கே வந்து கிடைத்தது. ஏழாம் நாள் பெயர் வைப்பதை ஊரிலே பெரியவர்கள் நடத்திவிட்டார்கள். ஆனாலும் தகப்பன் கையால் ஒரு விருந்து போட வேண்டும், குடும்பஸ்தர்கள் வந்து கொட்டை வாங்கிப் பிள்ளை பெயருக்குச் சாட்சியாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர்கள் ஊரில் அதற்கென்று ஒரு கசப்புக் கொட்டை உண்டாம். இங்கே கிடைக்காததால் பாக்கு. சொந்தம் யாரும் இல்லாததால் எங்களைக் கூப்பிட்டார்.

அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் நானும் ஒரே பாயில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தனை சிப்பாய்களுக்கு நடுவில் நான் அம்மா முந்தானையை விடவில்லை. ஆட்டுக்கறி வாசனை மட்டும்தான் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

அத்தைதான் கேட்டாள்: "புள்ளைக்கு இன்னா பேரு வச்சிகீறீங்கோ?"

நைனா அதை, சிப்பாய்கள் இங்கே வந்து பழகின அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டார். சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டதற்கு முகத்தையே திருப்பிக்கொண்டார்.

"பெத்த புள்ள பேரு வாயில வரலியா? இன்னாவோ சரியில்லமே!" என்று அத்தை பாக்கைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

அவருடைய கூட்டாளி ஓடிவந்து நைனாவிடம் ஏதோ சொன்னார். நைனா சிரித்துவிட்டார். தலைச்சன் பிள்ளையின் பெயரைப் பெற்றவர்கள் வாயால் சொல்ல மாட்டார்களாம். வெட்கமாம். மற்றவர்கள்தான் கூப்பிட வேண்டுமாம். பிள்ளை பெயர் மூசா.

அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். "குந்துக்கா. இவ நைனா பேர நான் என்னிக்குனா சொல்லிகீறனா? ரேஷன்காரன் கேட்டப்போகூட நீதான சொன்ன!"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுசரி, அம்மாம் ஒசரத்து ஆம்பளைக்கு இம்மாம் வெக்கமா!" என்று உட்கார்ந்து இரண்டு பாக்காக எடுத்துக்கொண்டாள்.

அம்மா, குழந்தை அந்தப் பாயிலேயே தவழ்ந்து வருவது போல உரக்கக் கூப்பிட்டாள்: "டேய் மூசா! மூசாக் கண்ணு, வாடா!"

சிப்பாய் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். இன்னொரு தபா என்று அர்த்தம். அம்மா கூப்பிட்டாள். மறுபடி விரல். அப்புறம் அத்தை கூப்பிட்டாள். கடைசியில் நானும் வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

அந்தப் பிள்ளையும் இப்போது கிழவராகியிருப்பார். அவர்கள் வழக்கம் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபாருங்கள். வருஷம், கொட்டை, கொட்டகை, எது தப்பாக இருந்தாலும் திருத்துங்கள். பெயரைத் திருத்த வேண்டாம். கறி ஆறிப்போகும் வரைக்கும் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.