மடியில் இருந்த பை

இன்று மதியம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ். எனக்கு சீட் கிடைத்தது. பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் பையை நீட்டினார். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஜெர்மனியில் படிக்கும் மகன் அழைத்தான்.

"அம்மா, டிராம்ல ஒரு லேடி வெயிட்டான பையோட நின்னாங்க. நான் உக்காந்திருந்தேன்ல, நம்ம ஊர் மாதிரி வச்சிக்கலாம்னு பையைப் பிடிச்சேன். கத்திட்டாங்கம்மா. போலீஸ் வந்திருக்கு..."

லைன் கட்டாகிவிட்டது.

ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த ஊர் பாஷையும் சரியாக வராது.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?" என்றார் பைக்கார அக்கா.

சொன்னேன்.

"பைய வாங்கி வச்சிக்கினா போலீஸா? இன்னா ஊருக்கா அது!"

மேடவாக்கம் தாண்டியதும் மெசேஜ் வந்தது. "விட்டுட்டாங்கம்மா. இனிமே யார் பையையும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

அப்பாடா என்று நிமிர்ந்தேன். அந்த அக்கா மெதுவாக என் மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பரவால்லக்கா, நானே வச்சிக்கிறேன்."

உண்மையைச் சொல்லுங்கள். நாளைக்கு நான் கையை நீட்டினால் நீங்கள் தருவீர்களா?