தீயில் நின்ற கால்

என் இடது பாதத்துக்குச் சூடு தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. சாதாரணச் செருப்பு போட்டால் அது பாதி வழியில் கழன்று கிடக்கும், நான் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பேன். இதை ஊரில் ஒருவனிடமும் நான் சொன்னதில்லை. ஒரு நாள் சொல்ல வேண்டி வந்தது. அதுவும் கூண்டில் ஏறி நின்றுகொண்டு.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறியவன் முப்பது வயதில் சொந்த லாரிக்கு முதலாளி. பல்லாவரம் மலையில் உடைத்த ஜல்லியை ஊரப்பாக்கம் வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டினேன். இன்று மாடியில் உட்கார்ந்து காபி குடிக்கிற வாத்தியாருக்கும் ஆபீசருக்கும் தெரியாது, அவர்கள் வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது என் ஜல்லி. லாரியை வேறொருவன் கையில் கொடுத்ததே இல்லை. என் கிளட்ச் என் காலுக்குத்தான் கேட்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை நேரம். பெருங்களத்தூர் தாண்டி லாரியை ஓரம் கட்டிவிட்டு, பின்கதவுக் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். தாம்பரம் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் பேய் வேகத்தில் வந்தது. முன்னால் போன பஸ்ஸை இடது பக்கமாக முந்தப் பார்த்து மண்ணில் இறங்கியது. காருக்கும் லாரிக்கும் நடுவில் என் கால். "மொதலாளி வூட்டு முகூர்த்தம் சார், லேட்டாயிடுச்சி சார்" என்று அந்த டிரைவர் அழுதது மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். என் வீட்டுக்காரி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கால் தங்கினால் ஆடி மாதம் என்னைத் தீமிதிக்க வைப்பதாக எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மாடம்பாக்கத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. கால் தங்கியது. உள்ளே இரும்புத் தகடு. ஆனால் பாதத்தில் நரம்பு செத்துவிட்டது. எட்டு மாதம் கழித்து லாரியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. கிளட்ச்சின் மேல் கால் இருக்கிறதா, இல்லையா? குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் எவன் வண்டி ஓட்டுவான்?

செங்கல்பட்டுக் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்குப் போட்டோம். கார் டிரைவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான். அதில் சண்டை இல்லை. என் கால் நிஜமாகவே போய்விட்டதா என்பதில்தான் இன்சூரன்ஸ்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த வழக்கு ஜெயித்தால் லாரிக்கு ஆள் போட்டுத் தொழிலைக் காப்பாற்றலாம். தோற்றால் லாரியை விற்றுவிட்டு, நான் ஜல்லி கொட்டிய வீடுகளுக்கே வாட்ச்மேனாகப் போகவேண்டியதுதான்.

என் வக்கீல் நல்லவர், பயந்தவர். "எங்க போனாலும் கால் முடியலைன்னு சொல்லுங்க. வீரம் பேசாதீங்க" என்று வாராவாரம் சொல்வார். அவருக்கு என்னைத் தெரியாது.

ஆடி வந்தது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு பூக்குழியில் இறங்கினேன். எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. சுத்தபத்தமாக விரதம் இருந்தவனுக்குத் தீ சுடாது. கால் சுட்டுவிட்டதென்றால் அவன் எங்கோ வழுக்கிவிட்டான் என்று அர்த்தம். அதனால் எல்லாரும் ஓடியே கடந்துவிடுவார்கள். நான் ஓடவில்லை, காலை இடுப்பால் தூக்கிப் போட்டு நடந்தேன். பாதிக் குழியில், தாம்பரம் ஸ்டூடியோக்காரன் கத்தினான்: "அண்ணா, கொஞ்சம் இங்க பாருங்கண்ணா!"

நின்றேன். ஊன்றிய இடது கால் நெருப்புக்குள், வலது கால் அடுத்த எட்டுக்குத் தூக்கியபடி. நெஞ்சை நிமிர்த்தி அவனைப் பார்த்தேன். குலவைச் சத்தம் காதைக் கிழித்தது. "ஆத்தா அவன் மேலதான் நிக்கிறா!" என்று எங்கள் பெரியப்பா மகன், கோயில் தர்மகர்த்தா, கையெடுத்துக் கும்பிட்டார். அன்று கோயிலில் முதல் மரியாதை எனக்குத்தான். பரிவட்டம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரி என் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பூரி மாதிரி உப்பியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றேன்.

"நான் எங்கய்யா தொறக்கப்போறேன். உன் வாய நெனச்சாத்தான் பயமா கீது."

புண் ஆற மழைக்காலம் முழுக்க ஆனது. மறைப்பதற்கு சாக்ஸ் போட்டேன். "இன்னாபா, வேட்டிக்கு சாக்ஸா? தொரை ஆயிட்டியா?" என்று டீக்கடையில் கிண்டல். "சம்பாதிக்கிறவன் போடறான்டா, உனக்கின்னா?" என்பேன். ஸ்டூடியோக்காரன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு என் ஜல்லி ஷெட்டில் மாட்டினேன்.

ஒரு நாள் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். பொழிச்சலூரில் வீடு கட்டப்போவதாகச் சொன்னார். ஜல்லி விலை கேட்டவர் கண் படத்துக்குப் போனது.

"நீங்களா சார் இது? அடேயப்பா! காலுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஒரு கொப்புளம் இல்ல சார். இத்தனைக்கும் ஆக்சிடென்ட் ஆன கால்."

"ஆக்சிடென்ட்டா! டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் எழுதறத எழுதுவாரு. நம்ம கால் நம்ம பேச்சக் கேக்குது."

அவர் அசந்துபோய் நின்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மேஜையில் கூடுதலாக இருந்த ஒரு படத்தை நானே எடுத்து, "பூஜை ரூம்ல வைங்க" என்று கொடுத்தேன். அவர் திரும்பி ஜல்லி வாங்க வரவே இல்லை.

விசாரணை அன்று தர்மகர்த்தா அண்ணன் தலைமையில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பஸ் பிடித்து எனக்காகக் கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள். ஜன்னலோரம் வீட்டுக்காரி. நான் கூண்டில் ஏறினேன். இன்சூரன்ஸ் வக்கீல் கட்டிலிருந்து ஒரு படத்தை உருவினார். பூஜை ரூமுக்கென்று நான் கொடுத்த அதே படம். அந்த பேன்ட் சட்டைக்காரர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதுல நிக்கிறது யாரு?"

"நான்தான்."

"விபத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

"கையில தடி இருக்கா? யாராச்சும் புடிச்சிருக்காங்களா?"

"இல்ல."

"நெருப்பு மேல நிக்கத் தெரிஞ்ச கால், கிளட்ச்ச மிதிக்காதா?"

கோர்ட்டே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது ஆத்தாவின் அருள் சம்பந்தப்பட்ட விஷயம். என் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். எழுத என்ன இருந்தது?

"ஒரு கொப்புளம்கூட வரலைன்னு நீங்களே சொன்னீங்களாமே?" என்றார் இன்சூரன்ஸ் வக்கீல். "உண்டா இல்லையா?"

ஆமாம், சொன்னேன் என்றால் லாரி போச்சு. சொன்னது பொய் என்றால் பரிவட்டம் போச்சு. ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. விரதத்தில் என்ன தப்புப் பண்ணினான், எந்தக் கடையில் குடித்தான், எவள் வீட்டுக்குப் போனான் என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, சாக்ஸைக் கழட்டலாமா?" என்று ஜட்ஜைக் கேட்டேன்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் அவரைக் கையமர்த்தினார்.

கழட்டி, கூண்டின் கட்டையில் காலைத் தூக்கி வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். குதிகாலிலிருந்து விரல் வரை வழுவழுவென்று செத்த தோல். நடுவில் ஒரு குழி.

"சுட்டுச்சுங்க ஐயா. நல்லா சுட்டுச்சு. எனக்குத்தான் தெரியல. சாயங்காலம் வூட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அந்தப் படத்த நல்லா பாருங்க. மத்தவங்க படமெல்லாம் கலங்கலா இருக்கும், ஓடறாங்க இல்ல? என் படம் தெளிவா கீது. போட்டோ புடிக்கிறவன் நிக்கச் சொன்னான், நின்னேன். உசுரு இருக்கிற காலா இருந்தா எவனாவது நெருப்புல போட்டோவுக்கு நிப்பானா?"

ஜட்ஜ் படத்தை வாங்கிப் பார்த்தார். என் பாதத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நான் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பவில்லை. கேஸில் நான் பயந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது.

கோர்ட் உத்தரவுப்படி வேறொரு டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டுப் பாதத்தில் ஊசி குத்திப் பார்த்தார். எத்தனை குத்து என்று கேட்டார். "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. லாரிக்கு டிரைவர் போட்டேன். ஒரு லாரி மூன்றானது. படித்தவன் எவன் செய்வான் இதை?

ஆனால் விசாரணை அன்று திரும்பி வந்த பஸ் பயணத்தை நான் மறக்கவில்லை. முன் சீட்டிலிருந்த தர்மகர்த்தா அண்ணன் வண்டலூர் வந்ததும் திரும்பினார்.

"சுட்டுச்சின்னு அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா பரிவட்டம் கட்டியிருப்பியாண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆடியில் காப்புக் கட்டும் வரிசையில் என்னைக் கூப்பிடவில்லை. "நீ பால் குழியாண்ட உக்காந்துக்க. வர்ற கால்ல பால் ஊத்து" என்றார் அண்ணன். தண்டனையாகத்தான் கொடுத்தார். நெருப்பைக் கடந்து வருகிறவர்கள் கால் நனைக்கும் குழி அது. உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து காலை வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் அருள். குனிந்து பார்த்தால் பாதம். கடைசியாகக் கரகத்தோடு அண்ணனே வந்து காலை வைத்தார். பால் பட்டதும் பல்லைக் கடித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இத்தனை வருஷமாக அந்தக் குழி என் பொறுப்பு. யார் யாருக்குச் சுட்டது என்று எனக்கு மட்டும் தெரியும். எவ்வளவோ பேசுகிற வாய் இது. அதை மட்டும் சொன்னதில்லை.