கேட்காமல் வந்த லீவு

மூன்று வருடத்துக்கு முன்பு, ரமலான் மாதத்தில், ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில் நடந்தது இது. நான் அதிகம் படித்தவள் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

அப்போது எனக்கு ஐம்பது வயது. மாதம் நிற்கிற நேரம். அந்த நேரத்தில் உடம்பு என்ன பாடு படுத்தும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் மாவு பிசைய வரும். முழங்கால்கள் படி ஏறும்போது ஒரு மாதிரி வலிக்கும், இறங்கும்போது வேறு மாதிரி வலிக்கும். தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரியே இருக்கும். கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் சொருகிப் பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை விழும். திடீரென்று உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி சூடு கிளம்பி, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். ஒரு நல்லது, நான் நிற்பதே அடுப்படியில். எந்த அடுப்பால் வேர்க்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரருக்கு லாரி சீட்டு தைக்கிற கடை. அதிகம் பேசமாட்டார். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு நான் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடிப்பதை எப்போதோ பார்த்திருக்கிறார். ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டில் பஞ்சு வைத்து அவரே தைத்திருந்தார். உட்கார்ந்து தொழு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிவாசல் ஓரத்தில் உட்கார்ந்து தொழுகிற வயதானவர்களோடு என்னைச் சேர்த்துவிட்டாரே என்று. அந்த நாற்காலியில் துவைத்த துணியைப் போட ஆரம்பித்தேன்.

எங்கள் மார்க்கத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் உண்டு. மாதவிலக்கு வந்துவிட்டால் நோன்பும் இல்லை. விட்டதை எண்ணி வைத்திருந்து பிற்பாடு வைக்க வேண்டும். அதைக் களா என்போம். அதனால் பெரிய மனுஷியான நாளிலிருந்து ஒரு ரமலானில்கூட நான் முப்பது நோன்பையும் முழுதாக வைத்ததில்லை. பிள்ளைகள் வயிற்றில் இருந்த வருடங்களிலும் வாந்தி, மயக்கம் என்று பாதி போய்விடும். வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் முப்பதும் முடித்துப் பெருநாள் தொழுகைக்குப் போகும்போது, எனக்கு மட்டும் நடுவில் ஓட்டை விழுந்த சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் ரமலான் பிறந்தபோது எனக்கு மாதம் நின்று பத்து மாதம் தாண்டியிருந்தது. அவ்வளவுதான், இனி வராது என்று நினைத்துக்கொண்டேன். வலியெல்லாம் இருக்கட்டும், அதற்குப் பதிலாக முப்பது நோன்பு கிடைக்கப்போகிறது என்று மனசு துள்ளியது. தெருப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன், இந்த வருடம் எனக்கு முப்பது என்று. சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

இங்கே என்னோடு வேலை செய்யும் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவர். கெலமங்கலம் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு. காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மறுபடி தெலுங்கு. வேறு மதம். அடுப்புக்கு மேலே ஒரு சாமி படம் மாட்டி வைத்திருப்பார், அதற்குத் தினமும் ரோஜாப்பூ ஒன்று. நோன்பு நாட்களில் எனக்கு உப்புப் பார்ப்பது அவர்தான். நான் சாம்பார் கொதிக்க வைத்துவிட்டுக் கூப்பிடுவேன். அவர் உள்ளங்கையில் நாலு சொட்டு ஊற்றி நக்கிவிட்டு, கூரையைப் பார்ப்பார். "அரைக் கை போடு" என்பார். அல்லது பேசாமல் போய்விடுவார், அப்படியென்றால் சரியாக இருக்கிறது.

தொழுகை இல்லாத நாட்களில் நான் கூப்பிடமாட்டேன். நானே கரண்டியை எடுத்து உப்புப் பார்த்துக்கொள்வேன். அதை அவர் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு டீயும் இரண்டு பன்னும் மூடி வைத்திருக்கும். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் மற்றவர்கள் கண்ணில் படாது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ரமலானில் இருபத்தைந்து நோன்பு முடிந்தது. பங்குனி வெயில். விடியுமுன் சஹருக்கு எழுந்து ராகிக் கஞ்சி கரைத்துக் குடித்துவிட்டு வேனுக்கு ஓடுவேன். பகலில் கால் தரையில் இருப்பதே தெரியாது. அக்கா இரண்டு மூன்று முறை கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. நோன்பு இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன்.

இருபத்தாறாம் நோன்பு. அன்று மாலைக்குப் பிறகு இருபத்தேழாம் இரவு, நாங்கள் மாதம் முழுக்கக் காத்திருக்கும் இரவு. காலை பதினொரு மணி இருக்கும். சாம்பார் அண்டாவில் பெரிய கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் அண்டா தூரமாகப் போவதும் கிட்ட வருவதுமாக இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, அக்கா பின்னாலிருந்து என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கரண்டி அண்டாவுக்குள் மூழ்கிவிட்டிருந்தது. இன்னும் ஒரு அடி சாய்ந்திருந்தால் என் முகம் அந்தக் கொதியில்தான் விழுந்திருக்கும். அவர் தெலுங்கில் ஏதோ திட்டினார். முகம் கழுவிவிட்டு வா என்று தள்ளிவிட்டார்.

பாத்ரூமுக்குப் போன இடத்தில்தான் பார்த்தேன். பதினொரு மாதம் கழித்து வந்திருந்தது.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. மயங்கி விழ இருந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் ஐந்தே ஐந்து நாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய் அரிசி மூட்டையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். யா அல்லாஹ், இத்தனை வருடம் கேட்காதவள் ஒரு வருடம் கேட்டேனே என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அக்கா ஒரு கிண்ணத்தில் சாம்பாரோடு வந்தார். என்னைத் தேடி வந்தவர், அழுவதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். பிறகு வழக்கம் போல உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளப் போனார். நான் எழுந்து அந்தக் கிண்ணத்தை வாங்கி, என் கையில் ஊற்றி, நானே நாக்கில் வைத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உப்பு எப்படி?" என்றார்.

"கம்மிக்கா."

"அப்ப அண்டாவ இங்கயே தூக்கியாரச் சொல்றேன். நீ அழுவுறதுல சரியாப் போயிடும்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். முப்பது நோன்பு ஆசையை அன்றைக்குத்தான் அவரிடம் முதல் முறையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சூப்பர்வைசர் விசாரிப்பது மாதிரி ஆரம்பித்தார்.

"ஏம்மா பாயம்மா, லீவு வேணும்னு நீ கேட்டியா?"

"இல்லக்கா."

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல."

"நீ கேக்காமயே உங்க தேவுடு லீவு குடுத்திருக்கறாரு. எங்கம்மா செத்ததுக்கு இந்தக் கான்ட்ராக்டர் எத்தன நாள் குடுத்தான் தெரியுமில்ல? ரெண்டு நாள். அதுவும் சம்பளம் புடிச்சிட்டுத்தான். இங்க இவரு கூப்பிட்டுக் குடுக்கறாரு, நீ வேணாம்னு அழுவுற."

தேவுடு என்றால் அவர் பாஷையில் கடவுள். அவரே மறுபடி கேட்டார், விட்ட நாளையெல்லாம் அப்புறம் சேர்த்து வேலை செய்து கொடுக்கணுமா என்று. ஆமாம், எண்ணி வைத்துவிட வேண்டும் என்றேன். எத்தனை நாளைக்குள் என்றார். அடுத்த ரமலானுக்குள் என்றேன்.

"வருசம் பூராவுமா?"

"ஆமாக்கா."

அக்கா கூரையைப் பார்த்தார், உப்புப் பார்க்கும்போது பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நல்ல முதலாளிம்மா உனக்கு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதிலிருந்து ஓதுகிறேன், பயானில் மார்க்கப் பேச்சுக் கேட்கிறேன். நோன்பு வைப்பது எவன் கட்டளையோ, விடுவதும் அவன் கட்டளைதான் என்று காதில் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறது. உள்ளே இறங்கவில்லை. எங்கள் வேதத்தில் ஒரு எழுத்து தெரியாத அக்கா, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டார். முப்பத்தேழு வருடமாக நான் ஓட்டை என்று நினைத்ததெல்லாம் ஓய்வு. கொடுக்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன். இந்த முறை, அண்டாவுக்கும் எனக்கும் ஒரு அடி இருக்கும்போது கொடுத்திருக்கிறான்.

அக்கா டீ கொண்டு வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்காரருக்கு நோன்பு திறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் மடித்து எடுத்தேன். அதில் உட்கார்ந்தேன். தொழ முடியாது, ஆனால் கையேந்தி துஆ கேட்கலாம், அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் திக்ரு ஓதலாம். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். முழங்கால் வலிக்கவில்லை. வலி இல்லாதபோது மனசு எவ்வளவு நேரம் அவனிடம் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்த நேரத்தையெல்லாம் நான் தொழுகை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேரீச்சம்பழத்தில் பாதியை என் கையில் வைத்தார்.

அந்த வாரமே அக்கா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. இத்தனை மாதம் நின்று மறுபடி வந்தால் அப்படியே விடக்கூடாது, வந்து காட்ட வேண்டும் என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், கெட்டதாக ஒன்றும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக் கீரை, சாயங்காலம் நடை, முழங்காலுக்குப் படுத்துக்கொண்டே செய்யும் இரண்டு பயிற்சி. இந்த வயதில் களைப்பு வருவது சகஜம், அதை மறைத்து வைப்பதுதான் தப்பு என்றார். அக்கா வெளியே வந்ததும், எனக்கும் ஐந்து வருடம் முன்பு இதேதான், வயலில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் என்று ஏதோ பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். தினமும் அவர் பக்கத்தில் நின்றவள் நான், எனக்குத் தெரியவே இல்லை.

பெருநாள் அன்று தெருப் பெண்கள் முப்பது முடிந்ததா என்று கேட்டார்கள். இருபத்தைந்துதான் என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் தனியாக வந்து, அந்த நாற்காலி எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உடம்பு தேறட்டும், பிறகு வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், களா நோன்பு ஐந்தையும் மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒன்று. முதல் நோன்பு வைத்த அன்று கேன்டீனில் யாரிடமும் சொல்லவில்லை. ரமலான் இல்லை, யாருக்கும் நினைப்பு வராது. உப்பைக் கண் அளவில் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாம்பார் கொதித்தது. நான் திரும்புவதற்குள் அக்கா வந்து பக்கத்தில் நின்றார். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி, நக்கி, கூரையைப் பார்த்தார். "அரைக் கை" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வெட்டப் போய்விட்டார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று மதியம் விடாமல் கேட்டேன்.

"அடுப்பு பத்த வைக்கறப்ப வாய்க்குள்ள என்னமோ சொல்லுவ இல்ல? நோன்பு நாள்ல அது கொஞ்சம் நீளமா இருக்கும்" என்றார்.

அது எனக்கே தெரியாது.

இப்போது மாதம் முழுதாக நின்றுவிட்டது. விரல்கள் காலையில் இன்னும் வெந்நீர் கேட்கின்றன, மூட்டு மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. போன ரமலானில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தொழுது முப்பது நோன்பையும் வைத்து முடித்தேன். முப்பது நாளும் அக்காதான் உப்புப் பார்த்தார். ஆசைப்பட்டது கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் என்னைப் படைத்தவன் எப்பேர்ப்பட்ட முதலாளி என்று நான் தெரிந்துகொண்டது, அந்த முப்பது நோன்பில் இல்லை, கேட்காமல் வந்த அந்த ஐந்து நாள் லீவில்தான்.