மூன்றாம் தொட்டியிலிருந்து வந்த வரிகள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்ப மாட்டேன் என்பவர்களுக்குக் காட்ட, கீர்த்தியின் கணினியில் அந்தப் பதிவு இன்னும் அழியாமல் இருக்கிறது.

அவள் கணவன் பொன்னழகுக்குப் புதுவயலில் அரிசி ஆலை. நெல் ஊறும் தொட்டிகளின் சூட்டைக் காரைக்குடி வீட்டிலிருந்தே பிரவுசரில் பார்க்க அவள் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். ஒரே தொல்லைதான். சூடு மாறாவிட்டால் ஆலையிலிருந்து எந்தத் தகவலும் வராது. அறுபது விநாடி எதுவும் வராவிட்டால் நடுவிலிருக்கும் சர்வர் இணைப்பை அறுத்துவிடும். இருபது விநாடிக்கு ஒரு வெற்று வரி அனுப்பினால் போதும், அறுபடாது.

காலையில் இதைச் சொன்னபோது பொன்னழகு சிரித்தான்.

"எங்க ஆலையில இது பழைய வழக்கந்தேன், கீர்த்தி. தொட்டி கழுவ இறங்குறவன் சுத்தியலால தட்டிக்கிட்டே இருக்கணும். தட்டு நின்னா, உள்ள வாயுவுல மயங்கிட்டான்னு வெளிய நிக்கிறவன் அவன் இடுப்புக் கயித்தை இழுக்கணும்."

மதியம் 1.10. அந்த வெற்று வரியை அனுப்பும் நிரலை எழுத உட்கார்ந்தாள். இன்னும் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை.

மூன்றாம் தொட்டியின் இணைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது.

1.10.20. வெற்று வரி. 1.10.40. வெற்று வரி. 1.11.00...

யார் அனுப்புவது?

பொன்னழகுக்குப் போன் போட்டாள். எடுக்கப்பட்டது. பேச்சில்லை.

"ஏங்க?"

டக்.

போனில் அந்தச் சத்தம் கேட்ட அதே நொடி, திரையில் ஒரு வெற்று வரி.

"ஏங்க... எங்க இருக்கீக?"

டக்.

இன்னொரு வரி.

அப்புறம்... எதுவும் இல்லை.

இருபது விநாடி. நாற்பது. அறுபது. இணைப்பு அறுந்தது.

மேஸ்திரி மருதுவை அழைத்தாள்.

"மருதண்ணே, அவுக எங்க?"

"மூணாந் தொட்டி கழுவுறாகம்மா. நான் ஒரு வாய் சாப்புட..."

"இழுங்கண்ணே! கயித்தை இழுங்க!"

இழுத்தார்கள். பொன்னழகுக்கு நினைவில்லை. மூச்சு இருந்தது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். கீர்த்தி அவன் கையை விடவேயில்லை.

"நல்லவேளை, விடாம தட்டுனீக."

"நானா? எதை வச்சுத் தட்டுறது? சுத்தியலை வெளியவே மறந்துட்டுல்ல இறங்குனேன்."

வாசலில் நின்ற மருது அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஆறு வருசத்துக்கு முந்தி... இதே தொட்டியில முத்தரசுன்னு ஒருத்தன் செத்தாம்மா. கடைசி வரைக்கும் தட்டியிருக்கான். வெளிய நிக்க வேண்டியவன் சாப்புடப் போயிட்டான்."

"யாரு அது?"

மருது தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவாத கை. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.