பாக்ஸுக்கு வைத்த பொட்டு

ராஜபாளையம் எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தோளில் பை, கையில் மில்லில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலம். ஆயுத பூஜை நாள் என்பதால் ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காயும் நசுங்கிய எலுமிச்சம்பழமும் கிடந்தன. அவற்றை மிதிக்காமல் விலகி விலகி நடந்தேன். வாழைக்கன்று கட்டிய பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போயின. ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு வேலையை விட்டுவிட்டு வரும்போது கொஞ்ச தூரமாவது நடந்தால்தான் எனக்கு விட்ட மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும் இப்படித்தான் நடந்தேன். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி, கோழிக்கோட்டில் பரோட்டாக் கடை, நடுவில் லாரிக் கிளீனர் வேலை. ஒவ்வொன்றிலிருந்தும் நடந்துதான் வெளியே வந்தேன்.

இந்த முறை என்னை நடக்க வைத்தது ஒரு மெஷின்.

அன்று காலை மில்லில் பூஜை. முதல் நாளே எல்லா மெஷினையும் நிறுத்தி, பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளி, துடைத்து வைத்திருந்தோம். பஞ்சைச் சீவி நூலுக்குத் தயார் செய்யும் கார்டிங் பகுதியில்தான் எனக்கு வேலை. அங்கே ஜன்னலோரம் நிற்கும் மெஷினுக்கு நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அது அண்ணனுடைய மெஷின்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். நான் சேர்ந்த நாளில் சாப்பாடு கொண்டுவரவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத் தன் தூக்குவாளியை என் பக்கம் தள்ளியவர். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து வந்த தூக்குவாளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கோடையில் ஒரு நாள், மெஷினில் அடைத்துக்கொண்ட பஞ்சை எடுக்கும்போது அவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. பக்கத்து மெஷினில் நின்ற நான் ஓடிப்போய் ஸ்டாப் சுவிட்சைத் தட்டினேன். கை தப்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி, வீடு, கைப்பயிற்சி என்று மாதங்கள் போயின. கை சரியாகி வந்தால் அந்த இடம் அவருக்குத்தான் என்று மில்லில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையில இருந்து ஜன்னலோர மெஷின் உனக்கு. இனி ஆளை மாத்த மாட்டோம்."

"அண்ணன் வந்தா?"

"வந்தா பாப்போம். உனக்கு வேண்டாம்னா சொல்லு. செட்டியார்பட்டிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன். அந்த மெஷின் முன்னால் நான் நிற்பதை நினைத்தால் அண்ணனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. எங்காவது போகலாம். போவதற்கு முன் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வழி நெடுக அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். கோபுரம் கண்ணில் பட்டபோதும் எனக்கு ஒரு வாக்கியம் கூடக் கிடைத்திருக்கவில்லை.

அண்ணன் வீடு தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. முன்னறையில்தான் அவர் மனைவி, எனக்கு மைனி, நைட்டி தைப்பார்கள். தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்ததும் மூட்டையாகப் போகும். நான் நுழைந்தபோது மூட்டைகளை எல்லாம் ஒதுக்கி அறையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

"வாங்க கொழுந்தனாரே. பையைப் பாத்தா மில்லையே வித்துட்டு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார்கள் மைனி.

"லீவு மைனி. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"லீவுக்கு எவன் போர்வையையும் சுருட்டிட்டு வருவான்? சரி, உக்காருங்க. சுண்டல் எடுத்துட்டு வாரேன்."

சாமி படத்துக்கு முன்னால் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, சைக்கிள் பம்பு எல்லாம் பொட்டோடு இருந்தன. நடுவில் ஒரு வாழையிலை. அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு டிவி பாக்ஸ், அதன் ரிமோட், இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கேம் பேட். எதிரே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, டிவி பாக்ஸுக்கெல்லாம் பூசையா?"

"உங்க மைனிகிட்ட கேளு. கடைக்காரன் காலையில வந்து மாட்டி, படம் காட்டிட்டுப் போனான். நான் கையில எடுக்கும் முன்ன வயரை உருவிட்டா."

"ஏன், அது ஆயுதம் இல்லையா?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "எனக்கு மெஷின். இந்த வருசம் அவிய கையில பிடிச்ச ஆயுதம் வேற என்ன இருக்கு?"

மைனி சொன்னது நியாயம்தான். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த அம்மா முதலில் ஒரு ரப்பர் பந்தைத்தான் பிசையச் சொன்னார்கள். அண்ணன் அதை ஒரு வாரம் கூடத் தொடவில்லை. "மாவு பிசையறதுக்கு நான் என்ன பரோட்டா மாஸ்டரா? அவனைக் கூப்பிடு" என்று என்னைக் காட்டிவிட்டார். பிறகு அந்த அம்மாவே, பட்டன் அமுக்குகிற விளையாட்டு ஏதாவது கொடுத்துப் பாருங்கள், தெரியாமலே விரலை ஆட்டுவார் என்று மைனியிடம் சொல்லியிருக்கிறார்கள். மைனி தன் தம்பி வீட்டில் சும்மா கிடந்த பழைய பாக்ஸை வாங்கிவந்து மாட்டினார்கள். அதில் ஒரு கார் ரேஸ் விளையாட்டு இருந்தது. அண்ணன் அதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாக்ஸ் மெதுவானது. பட்டனை அமுக்கினால், கார் வளைவைத் தாண்டிச் சுவரில் மோதிய பிறகுதான் திரும்பும். "நானும் இதுவும் ஒண்ணுதாம்லே. சொன்னது மண்டையில ஏற செத்த நேரம் ஆகும்" என்பார் அண்ணன். போகப்போக அது விளையாட்டைத் தாங்காமல் பாதியில் நின்றது. மைனி பார்க்கும் தொடரிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அதனால்தான் பழையதைத் தம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, விளையாட்டுக்கென்றே வேகமாக ஓடும் இந்தப் புதியதை வாங்கியிருந்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனி கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மில்லுல என் மெஷினுக்குப் பொட்டு வச்சாகளா?"

"நாந்தாண்ணே வச்சேன்."

"எங்கன வச்ச?"

"ஸ்டாப் சுவிட்சுக்கு மேல."

"நல்ல எடம்" என்றார். கொஞ்ச நேரம் கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஏலே, எனக்கு ஒரு பயம். பழைய பாக்ஸுல காரு இடிச்சா பாக்ஸு மேல பழியைப் போட்டுறலாம். அம்புட்டு நாளும் போட்டேன். நாளைக்கு இடிச்சா யாரு மேல போட? கைதான்னு தெரிஞ்சு போகும்லா."

அப்போது சொல்லியிருக்கலாம், மெஷின் கை மாறுகிறது என்று. என் வாய் திறந்தது. பொரியைத்தான் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி அன்று விடிந்ததும் மைனி குளித்துவிட்டு மறுபூஜை செய்தார்கள். சூடம் காட்டி முடித்து, தையல் மெஷினில் ஒரு துண்டுத் துணியை வைத்து நாலு தையல் ஓட்டினார்கள். அவர்களுடைய வேலை தொடங்கிவிட்டது. பிறகு பாக்ஸை எடுத்து இரண்டு கையாலும் அண்ணனிடம் கொடுத்தார்கள். நான் வயர்களை மாட்டி டிவியைப் போட்டேன். பாக்ஸின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரிமோட்டில் மேல் பட்டனை அமுக்கினால் அது நீலமாகி பாக்ஸ் விழிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம்.

"வலது கையாலேயே அமுக்குங்க. நல்ல நாள்" என்றார்கள் மைனி.

அண்ணன் ரிமோட்டை வலது கையில் வாங்கி, கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்து அமுக்கினார். விளக்கு சிவப்பாகவே இருந்தது. மறுபடி அமுக்கினார். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இடது கையால் அமுக்கிப் பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். செய்யவில்லை. ரிமோட்டை மெதுவாகத் தன் மடியில் வைத்தார்.

"அமுக்குதேன்னு எனக்குத் தெரியுது" என்றார். "பட்டனுக்குத் தெரிய மாட்டேங்கு."

மைனி என்னைப் பார்த்தார்கள். என்னால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. சும்மா இருக்கவும் முடியாமல் அவர் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்து நானும் அமுக்கினேன். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பேதான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உனக்கும் வரலையா?"

"வரலையேண்ணே."

"நல்லா அமுக்குலே."

"நல்லாத்தான் அமுக்குதேன்."

"ஏட்டி, இவனுக்கும் வரல" என்று மைனியிடம் சொன்னார். வேலை செய்யாத ஒரு பொருளைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மைனி வாங்கி அமுக்கினார்கள். அவர்களுக்கும் வரவில்லை. "மூணு பேருக்கும் வரல. அப்ப கை இல்ல, இது வேற" என்றார் அண்ணன், நீதி கிடைத்தவர் மாதிரி.

பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்து பேட்டரியைப் போட்டுப் பார்த்தோம். வயரை உருவி மாட்டினோம். கடைக்காரனைக் கூப்பிடலாம் என்றால் விஜயதசமியும் அதுவுமாக இவ்வளவு காலையில் யார் போனை எடுப்பார்கள்? அண்ணன் பாக்ஸை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மைனியைப் பார்த்தார்.

"பொட்டை எங்கன வச்சிருக்க?"

"ஏன், நெத்தியிலதான்."

"பாக்ஸுக்கு ஏதுட்டி நெத்தி?"

"முன்னால நடுவுல கண்ணாடி மாதிரி இருந்துச்சுல்லா. அதுதான் நெத்தின்னு வச்சேன்."

ரிமோட்டிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும் சின்னக் கண் அது. அதன் மேல் சந்தனம் தடித்த வில்லையாகக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம் வேறு. மைனி உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பூஜைப் பொட்டை அழிக்க முதலில் மனசு வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, புதுச் சந்தனத்தைக் குழைத்து பாக்ஸின் மேல்புறத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சேலைத் தலைப்பை நனைத்து முன்பொட்டைத் துடைத்தார்கள்.

"இப்ப அமுக்குங்க. நெத்தியில இருந்து உச்சிக்குப் போயாச்சு."

அண்ணன் வலது கட்டைவிரலால் அமுக்கினார். விளக்கு நீலமாகியது.

பிறகு கார் ரேஸ். முதல் வளைவில் இடித்தார். இரண்டாவதிலும் இடித்தார். அண்ணன் பாக்ஸைத் திட்டவில்லை. படம் தண்ணீர் மாதிரி ஓடியது, அமுக்கியதும் கார் திரும்பியது. அதனால் எங்கே தாமதம் என்று எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரிந்தது. வளைவு வந்த பிறகுதான் விரல் கிளம்புகிறது. அவர் வளைவுக்குக் கொஞ்சம் முன்பே விரலைக் கிளப்பிப் பார்த்தார். கார் சுவரை உரசிக்கொண்டு திரும்பியது. அடுத்த வளைவில் உரசவும் இல்லை.

"வருது" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மெதுவா வருது. ஆனா வருது."

மைனி எழுந்து அடுக்களைக்குள் போனார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாளிக்கும் சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன். ஜன்னலோர மெஷினை எனக்குக் கொடுத்திருப்பதையும், நான் பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டதையும், செட்டியார்பட்டிக்காரன் கேட்டுக்கொண்டிருப்பதையும். அண்ணன் விளையாட்டை நிறுத்தினார். பேட் கையிலேயே இருந்தது.

"நீ வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"ஒண்ணும் சொல்லல. வந்துட்டேன்."

"கோட்டிக்காரப் பயலே. நீ நிக்கலேன்னா மெஷின் சும்மாவா நிக்கும்? அவன் வந்து நிப்பான். அவன் நின்னா பொறவு அது அவன் மெஷின். நீ நின்னா அது யாரு மெஷின்?"

நான் மூலையில் கிடந்த என் பையைப் பார்த்தேன்.

"ஓரிடத்துல நிக்க உனக்குக் காலு அரிக்கும்னு எனக்குத் தெரியும். நான் வார வரைக்கும் நில்லு. பொறவு எங்கன வேணும்னாலும் போ. நானே வந்து பஸ் ஏத்தி விடுதேன்."

"எம்புட்டு நாள் ஆகும்ணே?"

அவர் விரலை மடக்கி நீட்டினார். "அதை இதுகிட்டதான் கேக்கணும்" என்றார்.

மைனி அடுக்களையிலிருந்து தூக்குவாளியோடு வந்தார்கள். அதே பழைய பெரிய தூக்குவாளி. "போர்வை இங்கயே கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்தா வேணும்லா" என்றார்கள்.

விஜயதசமி அன்று மறுபூஜை முடிந்துதான் மில் ஓடும். இந்த முறை நடக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பையைக் கட்டிட்டுப் போயிட்டதா சொன்னாங்க?"

"ஊருக்குப் போனேன் சார். வந்துட்டேன்."

"ஜன்னலோர மெஷின்?"

"நான் நிக்கேன் சார். அண்ணன் வார வரைக்கும்."

அவர் உள்ளே போகச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். நான் போய் ஜன்னல் கம்பியில் தூக்குவாளியை மாட்டினேன். பொட்டு காய்ந்து, ஸ்டாப் சுவிட்சுக்கு மேல் அப்படியே இருந்தது. சுவிட்சை எதுவும் மறைக்கவில்லை என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மெஷினை ஓட விட்டேன்.