டென்ட் கயிற்றின் மறுமுனை

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மீட்டரில் முள் அசைந்தால்தான் கரண்ட் இருக்கிறது என்றே ஒப்புக்கொள்வேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கயிறு என் கையில் இருந்ததே, அதை எப்படி இல்லை என்று சொல்ல?

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம். நானும் என் வீட்டுக்காரர் பிரபுவும் வால்பாறைப் பக்கம் போயிருந்தோம். அவருக்குத் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில், மேட்டில் ஒரு புல்தரை, அங்கே டென்ட் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். டென்ட், மலையேற்றம் எல்லாம் என்னுடைய பைத்தியம். அவர் டீ போடவும் போட்டோ எடுக்கவும் கூட வருகிறவர். புல்தரையின் ஒரு ஓரம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து பார்த்தால் கீழே தேயிலை பச்சைப் பசேலென்று தெரியும். அந்த அழகுக்கு ஆசைப்பட்டு விளிம்புக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே டென்ட்டைப் போட்டோம்.

டென்ட் காற்றில் ஆடாமல் இருக்க நாலு மூலையிலும் கயிறு கட்டி, முளை அடித்து மாட்டுவோம். ஒவ்வொரு கயிற்றிலும் விரல் நீளத்துக்கு ஓட்டை போட்ட ஒரு அலுமினியத் துண்டு கோத்திருக்கும், டென்ஷனர் என்பார்கள். அதை டென்ட் பக்கமாகத் தள்ளினால் கயிறு குறுகி விறைக்கும், கீழே இறக்கினால் நீளும், விட்ட இடத்தில் பிடித்து நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. மழையில் நனைந்தால் கயிறு தொய்ந்துவிடும், அப்போது ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் இறுக்கிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் தூறல் விட்டதும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே பனி ஏறி வந்துவிட்டது. ஐந்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. மூன்று கயிற்றை முடித்துவிட்டு பள்ளத்துப் பக்கக் கயிற்றுக்கு வந்தேன். டென்ஷனரைத் தள்ளினேன், விறைத்தது. டென்ட் துணியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் தொளதொள என்று கிடக்கிறது. மறுபடி தள்ளினேன், மறுபடியும் அதே கதை. டென்ஷனர் மேலே ஏறிக்கொண்டே போகிறது, கயிறு குறுகிக்கொண்டே போகிறது.

"ஏனுங்க, இந்தக் கவுத்த நீங்க இழுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அடுப்புக்கிட்ட இருந்து நகரவே இல்லியே அம்மணி" என்று டென்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

முளைதான் பெயர்ந்து வருகிறது போல என்று குனிந்து பார்த்தேன். முளை என் காலடியில், சேறு ஒட்டிக்கொண்டு, புல்லில் படுத்துக் கிடந்தது. அதில் கயிறு இல்லை.

கயிறு விறைப்பாக இருந்தது.

தரையை நோக்கிச் சரிந்து போக வேண்டிய கயிறு, நேராக, படுக்கை வாட்டத்தில், ஒருவர் கையில் பிடித்திருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பனிக்குள் போயிருந்தது. செடியில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் புல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று டென்ட் போடும்போதே பார்த்திருந்தேன். கயிற்றில் கை வைத்தேன். ஊரில் எங்கள் தோட்டத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மாடு சும்மா நின்றாலும் அது மூச்சு விடுவது கயிற்றில் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? அந்த மாதிரி இருந்தது.

அடுப்பை விட்டுவிட்டு அவர் டென்ட்டைச் சுற்றி வந்தார். "என்ன, தொய்ஞ்சு போச்சா?" என்று சாதாரணமாக டென்ஷனரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். அந்தப் பக்கம் புல் நசுங்குகிற சத்தம் கேட்டது, ஒரு காலடி. கயிறு தளர்ந்து மறுபடி விறைத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இறுக்க இறுக்க அது கிட்டே வந்திருக்கிறது.

"இழுக்காதீங்க, கையெடுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. "யாரோ வெளையாடறாங்க, இருடி பார்த்துட்டு வாரேன்" என்று கயிற்றைப் பிடித்தபடியே பனிக்குள் இரண்டடி வைத்துவிட்டார். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன், பட்டன் தெறித்தது. "அங்க பள்ளமுங்க!" என்று கத்தினேன். அவர் கயிற்றை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

அப்புறம் நான் செய்தது எதற்கும் காரணம் சொல்லத் தெரியாது. டென்ஷனரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இறக்க இறக்க அந்தப் பக்கம் கயிறு வாங்கிக்கொண்டே போனது, ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. முழு நீளமும் தீர்ந்ததும் டென்ட் வளையத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். நனைந்த முடிச்சு, நகம் பிய்ந்தது. கயிறு கையை விட்டு மெதுவாக நழுவிப் போனது, புல்லில் விழாமல், அதே உயரத்தில். எனக்குப் பின்னால் நின்ற பிரபு ரொம்பச் சன்னமாக, "செரிங்க, வாங்க" என்றார்.

அடுப்பை அணைத்தோமா என்றுகூட ஞாபகமில்லை. காருக்கு ஓடி, கீழே தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மணியண்ணன் வீட்டில்தான் அன்று தங்கினோம்.

விடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். டென்ட் மூன்று கயிற்றில் நின்றுகொண்டிருந்தது. முளை கிடந்த இடத்திலேயே கிடந்தது. நாலாவது கயிறு எங்கேயும் இல்லை. பனி இல்லாத வெளிச்சத்தில் நானே தூரத்தை அளந்து பார்த்தேன், முழு நீளமும் விட்டபோது கயிற்றின் முனை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில்தான் இருந்திருக்க முடியும்.

"காட்டுமாடு கொம்புல மாட்டிட்டுப் போயிருக்குமுங்க" என்றார் மணியண்ணன். குளம்புத் தடம் ஒன்றையும் அவரால் காட்ட முடியவில்லை. இருந்தாலும் நான் அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் பிரபுவிடம் கேட்டேன். "அந்த நேரத்துல யாரைப் பார்த்து வாங்கன்னு சொன்னீங்க?"

பிரபு வண்டியை ஓரம் கட்டினார். "ஏன், உனக்குக் கேக்கலையா?"

"என்னது?"

"கவுறு போறப்ப 'வாரேனுங்க'ன்னு சொன்னாங்களே. ஊட்டுக்கு வந்தவங்க சொல்லீட்டுக் கெளம்புவாங்களே, அப்புடி. நம்மூருப் பேச்சு. வாய் தன்னால பதில் சொல்லிப்போட்டுது அம்மணி."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் விடைபெறும்போது போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, உங்களுக்கே தெரியும். வாரேன் என்றுதான் சொல்வார்கள். வந்து போகிற உறவுக்காரர்கள் வாசலில் நின்று "அப்ப வாரேனுங்க" என்று சொல்லும்போது இப்போதெல்லாம் அவர் உள்ளே போய்விடுகிறார். நான்தான் வாசலில் நிற்கிறேன். நானும் "செரிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்குப் பின்னால் வரவேண்டிய "வாங்க" வாயில் வருவதில்லை.