வீடு தேடும் குட்டிப் பேய்

அமலிக்கு வேலை, பர்மாவில் வெளிநாட்டார் பிள்ளைகள் படிக்கும் மழலைப் பள்ளியில் ஆயா. ஆனால் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வந்துவிட்டால் அவள்தான் அங்கே பேய். தலைமை ஆசிரியை பெட்டி நிறையச் சிரிப்புப் பேய்ப் படப் புத்தகங்கள் வாங்கி வருவார். அதை வாசிக்க அமலியை விட்டால் ஆளில்லை. அப்பா மிஷன் பள்ளிக் குமாஸ்தா, அதனால் இங்கிலீஷ் வீட்டிலேயே வந்துவிட்டது. குரல் கடவுள் கொடுத்தது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மூக்கால் ஊளையிட்டால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரிப்பார்கள்.

அவர்கள் விடாமல் கேட்கும் புத்தகம் ஒன்று. குட்டிப் பேய் ஒன்று தன் கல்லறை எதுவென்று மறந்துபோய்க் கதவு கதவாகத் தட்டும். கோழிக்கூட்டைத் தட்டும், குளிர்பெட்டியைத் தட்டும், போலீஸ்காரர் தொப்பியைக்கூடத் தட்டும். "இது என் வீடா?" என்று அமலி இழுப்பாள். "மஹொபூ!" என்று, இல்லவே இல்லை என்று, ஆயாக்களிடம் பழகிய பர்மிய மொழியில் கூரை இடியக் கத்துவார்கள். கடைசிப் பக்கத்தில் தாய்ப்பேய் கல்லறை வாசலில் நின்று கூப்பிடும். குட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அமலிக்கும் ஒரு பெண் இருந்தாள், ஷீபா. நாலு வயதில் டெங்கு கொண்டுபோய்விட்டது. நகரத்துக்குள்ளிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில்தான் படுக்கவைத்தார்கள். வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் போய்ச் சுண்ணாம்படித்து, திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. சொந்தக்காரர் வந்து பெயர் கொடுத்தால் கல்லறைமேல் சிவப்புச் சாயத்தில் எண் எழுதுவார்கள். எண் உள்ளதைத் தோண்டி ஊருக்கு வெளியே புதுத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். எண் இல்லாவிட்டால் அநாதை, மண்ணோடு மண். உயிரோடு இருக்கிறவனைக் காலி செய்து அலுத்துப்போய்ச் செத்தவனிடம் வந்திருந்தார்கள். அமலி ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அவள் கண்ணெதிரே ஷீபாவுக்கு எண் விழுந்தது. அப்பாடா என்று அந்தக் கல்லை முத்தமிட்டாள்.

சுண்ணாம்படிக்கிற நாளில் பள்ளியில் ஹாலோவீன். லீவு கேட்டாள். பேயில்லாமல் பார்ட்டியா என்று சிரித்துவிட்டார் தலைமை ஆசிரியை. வாளியோடு புருஷன் ஞானமுத்து தனியாகப் போனார். முந்தின வருஷம் அவரை அமலி வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள்: "புள்ளைக்கு அடிக்கிற சுண்ணாம்புலகூடவா கஞ்சத்தனம்? கல்லு தெரியுது பாருங்க!"

அதை மறக்கிற மனுஷன் இல்லை அவர். இந்தத் தடவை கெட்டியாகக் கரைத்து இரண்டு பூச்சு பூசினார். "போய்ப் பாரு அமலி, பால் மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாக வந்து சொன்னார்.

மறுநாளே இயந்திரம் வந்துவிட்டது. திருநாளன்று மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போனவர்களுக்குச் சமதளமாய்ச் செம்மண் கிடந்தது. புதுத் தோட்டத்துக்கு ஓடி வரிசை வரிசையாகத் தேடினார்கள். ஷீபாவின் எண் எங்குமில்லை. ஞானமுத்து பேயறைந்த மாதிரி நின்றார். "எண்ணு மேலயும் பூசிட்டேன் அமலி. அழகா இருக்கட்டுமேன்னு..."

அவரை அடிக்கவா, கட்டிக்கொண்டு அழவா? கஞ்சத்தனம் என்று சொன்ன வாய் அவளுடையதுதானே. அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் அந்த மனுஷனைத் தின்றது.

அடுத்த ஹாலோவீனில் அதே புத்தகம். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அமலி மூடிவிட்டாள். "அது இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கு" என்று பர்மிய மொழியில் சொன்னாள். பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். ஒரு தாய் வந்து முறையிட்டார். தலைமை ஆசிரியை தன்மையாகத்தான் சொன்னார்: முழுதாக வாசி, முடியாவிட்டால் வேறு ஆயாவை வைத்துக்கொள்கிறேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? அமலி ஏறினாள். தாய்ப்பேயின் குரலில் "வா, என் கண்ணு" என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் கைதட்டி, மறுபடியும் மறுபடியும் அந்தப் பக்கத்தையே கேட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு அக்டோபரிலும் வாசித்தாள். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு வருஷம் பார்ட்டி முடிந்து அடுப்படியில் அவள் துப்பட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். சமையல்கார நபீஸா கேட்டாள்: "ஏன் அமலி, புள்ளய பறிகொடுத்தவ நீ. எந்நேரமும் பேயி, கல்லறைன்னு கத்துறியே, பயமா இல்லையா?"

"என்ன பயம் அக்கா? பேயாவாச்சும் வரட்டும்னு கதவத் தாழ் போடாமத்தான் படுக்குறேன்" என்றாள் அமலி. "ஆனா நாங்க இப்ப இருக்குற தாகேதா வீட்டுக்குக் குடி வந்ததே அவ போன பொறவுதான். அந்த வீடு அவளுக்குத் தெரியாதே."